பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொல்லி ஆள் வந்தால்

மியான்மரின் யாங்கோனில் ஒரு டீக்கடையில் காலையில் உட்கார்ந்திருந்தபோது பழக்க தோஷத்தில் தமிழிலேயே "தம்பி, கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டுவிட்டேன். நாலு டீக் கோப்பையை ஒரே கையில் கோத்துக்கொண்டு போன பையன் சட்டென்று நின்று "இதோண்ணே" என்றான். பதினொரு வயதுகூட இருக்காது, விரல் இடுக்கெல்லாம் வெந்நீர் பட்டுக் கொப்புளம். தட்டோன் பக்கம் ஊராம், ராத்திரி கடை மூடியதும் மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்குவானாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "தெரியாதுண்ணே, அப்பா முன்னாடியே வாங்கிட்டாரு."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு வருடச் சம்பளம் முன்பணமாக அப்பா கையில் போய்விட்டால், அடித்தாலும் சோறு போடாவிட்டாலும் பையன் ஓடமாட்டான், ஓடினால் வீட்டில் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: யார் கொடுத்தாலும் பிள்ளையின் பேரில் முன்பணம் வாங்காதீர்கள். பணமுடை உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோயில் கமிட்டியிடமோ சொந்தக்காரர்களிடமோ கடன் கேட்பது எவ்வளவோ மேல். பள்ளிச் செலவு தாங்கவில்லை என்றால் பக்கத்திலுள்ள புத்த மடத்துப் பள்ளியில் விசாரியுங்கள், அங்கே பெரும்பாலும் கட்டணம் கிடையாது, இந்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டிப்போக வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருப்பார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நமக்கு மாமா முறை, அத்தை முறை, திருவிழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கூச்சப்படாமல் கேளுங்கள்: கடை எந்தத் தெருவில், முதலாளி போன் நம்பர் என்ன, பிள்ளை எங்கே தூங்கும், யார் யார் கூடத் தூங்குவார்கள், வாரம் எத்தனை தடவை வீட்டுக்குப் பேசலாம், எந்தத் தேதியில் திரும்பும். அப்புறம் "நானும் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்லவர் சரி என்பார். "நாளைக்கே கிளம்பணும், இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளையை வீட்டு வேலைக்கு என்று கேட்டால் இன்னும் கவனம் வேண்டும், டீக்கடையிலாவது நாலு பேர் கண்ணில் படும், பூட்டிய வீட்டுக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது.

சட்டமும் நம் பக்கம்தான். 2019-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. ஆள் கடத்தலுக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்தது, 2022-இல் புதுச் சட்டம். பிள்ளை சம்மதித்தது, அப்பா சம்மதித்தார் என்று சொல்லிக் கடத்தியவர் தப்ப முடியாது, மியான்மர் 2004-இல் சேர்ந்த, ஆள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையும் அதையேதான் சொல்கிறது.

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வலை வேறு மாதிரி வருகிறது. பேஸ்புக்கிலோ டெலிகிராமிலோ "கம்ப்யூட்டர் டைப்பிங், சாப்பாடு இலவசம், தாய்லாந்து எல்லைப் பக்கம்" என்று வரும். எல்லை ஊரான மியாவாடிப் பக்கம் கேகே பார்க், ஷ்வே கோக்கோ வளாகங்களில் ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்தது உலகத்துக்கே தெரியும், தமிழ்நாட்டுப் பிள்ளைகளே அங்கே மாட்டியிருக்கிறார்கள். போனைப் பிடுங்கி வைப்பதைவிட, அந்த விளம்பரத்தைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படித்து, கம்பெனி பேர் எங்கே, விலாசம் எங்கே என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். அது மனதில் நிற்கும்.

ஊரை விட்டுப் போகிற பிள்ளை எதுவாக இருந்தாலும் சில வேலைகளை முன்கூட்டியே முடித்துவையுங்கள். பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல், பத்து வயது ஆகியிருந்தால் அடையாள அட்டை, எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்கவேண்டாம். இங்குள்ள நம் தமிழர்களில் பலருக்கு இந்தக் காகிதமே சரியாக இல்லை, காகிதம் இல்லாத பிள்ளை காணாமல் போனால் யாருடைய பிள்ளை என்று நிரூபிப்பதே பெரும்பாடு. சமீபத்திய போட்டோ ஒன்று, உடம்பில் உள்ள மச்சம் தழும்பு எங்கே என்ற குறிப்பு, இரண்டு போன் நம்பர் மனப்பாடம். ஒரு ரகசியப் பேச்சும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது, "ஆடு குட்டி போட்டுச்சாம்மா?" அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது. முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் இப்படிக் கேட்கலாம் இல்லையா, உடனே கிளம்பி வா என்று அதற்கு அர்த்தம்.

வெளியில் சந்தேகமாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், நீங்கள் போனதும் அடி விழுவது பிள்ளைக்குத்தான். முகத்தைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடவும் வேண்டாம். இடம், நேரம், பிள்ளை சொன்ன ஊர், இதை எழுதிக்கொண்டு குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்பிடமோ சமூகநலத் துறையிடமோ சொல்லுங்கள். காவல்துறைக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால், இன்றைய நிலையில் அந்தப் பயம் நியாயமானதே, ஒரு வக்கீலையும் கோயில் தர்மகர்த்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை தாய்லாந்துக்குள் இருப்பது தெரிந்தால் அங்கே 1300 என்ற அரசு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

திரும்பி வந்த பிள்ளையை வாசலில் வைத்து "என்ன நடந்துச்சு" என்று கேட்காதீர்கள், ஏன் போனாய் என்று திட்டவும் வேண்டாம். சோறு, குளியல், தூக்கம். ஆனால் உடம்பில் யாராவது தவறாகக் கை வைத்ததாகத் தெரிந்தால் குளிக்க வைக்காமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு, நேராக டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது.

கோயிலில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் வருகைப் பதிவேடு இப்போது ஒழுங்காக எழுதுகிறோம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் காலையில் யாராவது ஒருவர் போய்விடுவோம். பெரும்பாலும் காய்ச்சலாகத்தான் இருக்கும், பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம்.