வேலி வெட்டிய முள்ளும் சைக்கிள் டயரும்: நாம் செய்கிற தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த கிளுவை என்னும் வேலி முள்மரம், மார்கழி பிறக்கும்போது ரோட்டின் மேல் சாய்ந்து நிற்கும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்து ஊர்ச்சாலைகளில் போகிறவர்களுக்கு இது தெரியும். டவுன் பஸ்ஸின் ஜன்னலில் கிளை உரசும். வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது. ஆகவே வேலியை வெட்டத்தான் வேண்டும். வெட்டியதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு நாளன்று என் அண்ணன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள், பதினொன்றாம் வகுப்பு. முந்தின நாள் ஒரு காட்டுக்காரர் (எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம்) வேலி வெட்டி, கிளைகளை எல்லாம் தார் ஓரத்தில் ஒதுக்கியிருந்தார். பிள்ளை பஞ்சர் ஒட்டி எடுத்து வந்தாள். மறுநாள் அதே டயர் மறுபடியும் காற்று இறங்கியது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

காட்டுக்காரர் கெட்டவர் அல்ல. அவர் அப்பாவும் தாத்தாவும் செய்ததைத்தான் அவரும் செய்தார். நம் பக்கத்துச் சாலைகளில் பல ஒரு காலத்தில் இட்டேரிகள். இரண்டு பக்கமும் வேலி, நடுவே வண்டித்தடம். வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டை, மாட்டின் காலில் லாடம், மனிதர் காலில் தடித்த தோல் செருப்பு. முள்ளை இட்டேரி ஓரத்தில் தள்ளினால் பெரிய நஷ்டம் எதுவுமில்லை. வேலியில் ஓட்டை விழுந்தால் அதிலிருந்தே நாலு கிளையை எடுத்து அடைத்துக்கொள்வார்கள், மிச்சத்தைக் கறையான் தின்றுவிடும். அந்த இட்டேரிக்கு இப்போது தார் போட்டாகிவிட்டது. அதில் ஓடுவது காற்றடைத்த டயர். பழக்கம் மட்டும் மாட்டுவண்டிக் காலத்தோடு நிற்கிறது. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, “ஓரமாகத்தானே போட்டிருக்கிறேன்” என்று நினைப்பது. கார்காரருக்கு அது ஓரம். சைக்கிள்காரருக்கு அதுதான் பாதை. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அவர் இறங்க வேண்டிய மண் தரையும் அதுதான். அதோடு, போட்ட இடத்தில் முள் கிடப்பதில்லை. பால் வண்டி ஒரு கிளையை இழுத்துப் போகும், ட்ராக்டர் ஏறி நொறுக்கும், ஆட்டு மந்தை மிதித்துப் போகும். இரண்டு நாளில் ரோடு முழுக்கப் பரவிவிடும்.

இரண்டாவது, “காய்ந்தால் சரியாகிவிடும்” என்று விடுவது. நடப்பது இதற்கு நேர்மாறு. பச்சைக் கிளை கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போய்விடலாம். காய்ந்தபின் இலை உதிரும், குச்சி நொறுங்கும், முள் தனித்தனியாகத் தெறித்துவிடும். தார் ரோட்டின் ஜல்லிக்கு நடுவே அதே நிறத்தில் உட்கார்ந்திருக்கும் முள்ளை ஓடுகிற சைக்கிளிலிருந்து யாரால் பார்க்க முடியும்?

எந்த வேலியில் என்ன முள் என்று வெட்டுகிறவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. கிளுவையில் சிறு கிளையின் நுனியே முள்ளாக முடிகிறது. அதனால் ஒவ்வொரு துண்டுக் குச்சியும் ஓர் ஆணிதான். வெள்வேலில் கணுவுக்கு இரண்டு நேர் முட்கள் விரிந்து நிற்கும். துண்டு எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று மேலே பார்க்கும். இலந்தையில் ஒன்று நேராக, ஒன்று கொக்கி மாதிரி வளைந்து இருக்கும். நேர் முள் குத்தும், கொக்கி பிடித்துக்கொள்ளும். சீமைக் கருவேலம்தான் இவற்றில் மோசம். முள் இரண்டு அங்குலம் வரை நீளும், பைக் டயரிலேயே இறங்கும். அதன் காயோடு சேர்த்துக் கிளையை ரோட்டோரம் போட்டால் இன்னொரு வினையும் உண்டு. ஆடு மாடு காயைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தில் விதையைப் போட்டு முளைக்க வைக்கும்.

அப்புறம், பொக்லைன் விட்டு வேலியை ஒதுக்குவது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது என்று இப்போது பலரும் இதைச் செய்கிறார்கள். கொடுவாளால் வெட்டினால் கிளை முழுசாக விழும், கவைக்கோலால் அள்ளித் தூக்கிவிடலாம். இயந்திரம் வெட்டுவதில்லை, பிய்த்து நசுக்குகிறது. சில்லு சில்லாகத் தெறித்ததைப் பொறுக்கி முடியாது. வேறு வழியில்லாமல் இயந்திரம் விட்டால், பக்கெட்டைக் காட்டுப் பக்கம் இருந்து இயக்கச் சொல்லுங்கள். ரோட்டில் நிறுத்தி வெட்டினால் விழுவதெல்லாம் ரோட்டில்தான் விழும்.

குவித்து ரோட்டோரமே தீ வைப்பதும் சரியான வழி அல்ல. இலையும் பொடிக் குச்சியும் எரியும். அடியில் கிடக்கிற முள் கரிந்த மேனிக்கு அப்படியே கூர்மையாக இருக்கும். தார் உருகிப் பெயரும், புகை ரோட்டை மறைக்கும், காய்ந்த புல்லில் தீ தாவினால் பக்கத்து வேலியும் போகும்.

சரி, என்னதான் செய்வது? வெட்டுவதற்கு முன்பே குவிக்கிற இடத்தைக் காட்டுக்குள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாததால்தான் சாயங்காலம் ஆள் களைத்துப்போய் எல்லாவற்றையும் ரோட்டோரம் தள்ளிவிட்டுக் கிளம்புகிறார்கள். ரோட்டுப் பக்கக் கிளையைத் தொரட்டியில் மாட்டி உள்பக்கம் இழுத்துக்கொண்டு வெட்டினால், விழுவதே காட்டுக்குள் விழும். நல்ல கிளுவைப் போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டை, தனியாக எடுத்து வையுங்கள். வேலியில் இடைவெளி இருக்கிற இடத்தில் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். தழையை ஆடு தின்னும். மிச்ச முள்ளால் பட்டியையோ குப்பைக்குழியையோ அடைக்கலாம்.

வெட்டி முடித்த அன்றே தென்னஞ்சீமாறால் ரோட்டை ஒரு தரம் கூட்ட வேண்டும். நாலைந்து நாள் கழித்து, விட்டுப்போன இலை காய்ந்து உதிர்ந்தபின், இன்னொரு தரம். இரண்டாவது தரத்தை யாருமே செய்வதில்லை. ஆனால் டயரைக் குத்துகிற முள் அப்போதுதான் வெளியே வருகிறது. நான் கூட்டியபின் ஒரு பழைய சணல் சாக்கை நனைத்து, மேலே பாரம் வைத்து, அந்த நீளத்துக்கு இழுத்துப் பார்ப்பேன். சீமாறுக்குத் தப்பிய முள் சாக்கில் மாட்டிக்கொண்டு வரும்.

மார்கழி, தையில் வெட்டுகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் ஈரோட்டிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் தாராபுரம் வழியாக நடக்கிறார்கள். பலர் வெறுங்கால், பாதி நடை இரவில். சைக்கிள்காரருக்கு டியூப் போகும், அவர்களுக்குப் பாதம் போகும். முள் நுனி உள்ளே ஒடிந்து நின்றால் சீழ் வைக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் யோசிக்க வேண்டியிருக்கும்.

சிலர் என்னிடம், “இத்தனை தொல்லைக்கு வேலியை எடுத்துப்போட்டுக் கம்பி கட்டிவிடலாமே” என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளுவை வேலிக்குள்தான் கவுதாரி ஒதுங்குகிறது, கோவைக்கொடி ஏறுகிறது, பிரண்டை கிடைக்கிறது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் இத்தனை காலம் தாங்கி நின்றது இந்த உயிர்வேலியால்தான். முள்ளைக் கூட்ட ஒரு மணி நேரம் செலவு செய்யச் சோம்பி வேலியையே அழிப்பது கணக்குக்கு ஒத்து வராது.

சட்டமும் இதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு, பொது வழியில் ஆபத்தோ தடையோ காயமோ உண்டாக்குகிறவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. தன் பொறுப்பில் உள்ள பொருளைக் கவனிக்காமல் விட்டாலும் அது பொருந்தும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் 200 ரூபாய்தான். ஆனாலும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சட்டம் பேசுவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். “ஏனுங்ணா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போற வழிங்க, கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்றலாங்ளா?” என்று கேட்டால் முகம் சுளிக்கிறவர் குறைவு.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் செய்கிற தவறுகளும் உண்டு. இதில் உயிருக்கு ஆபத்தானது, முள்ளைப் பார்த்ததும் சட்டென்று வலது பக்கம் ஒடிப்பது. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் நடு ரோட்டுக்கு வந்துவிடுகிறோம். டியூப் போனால் ஒட்டிக்கொள்ளலாம். பின்னால் ஏதாவது வந்தால் முள் மேலேயே நேராகப் போய் நிறுத்துங்கள். வேலி வெட்டிய தடம் தூரத்தில் தெரிந்தால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது.

காற்று இறங்கிய டயரில் ஓட்டாதீர்கள். ரிம் தரையில் மோதும், டியூப் மடிந்து கிழியும், ஒரு ஓட்டையாக இருந்தது நாலாகும். முள் ஏறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் நிறுத்திப் பாருங்கள். டயரின் மேல்தோலில் லேசாகக் குத்தியிருந்தால் அங்கேயே பிடுங்குங்கள், ஒவ்வொரு சுற்றும் அதை உள்ளே அழுத்தும். ஆழமாக இறங்கியும் காற்று நிற்கிறது என்றால், முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சர் கடை பக்கத்தில் இருந்தால் பிடுங்காமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

அண்ணன் மகளின் சைக்கிளுக்கு வருகிறேன். இரண்டாம் முறை பஞ்சர் ஆனபோது வேறொரு கடைக்குப் போனோம். அந்தப் பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முழுச் சுற்றும் முக்கிப் பார்த்தார். பழைய ஒட்டுக்கு ஒட்டினாற்போல் புது ஓட்டை. டியூபை விட்டுவிட்டு டயரை எடுத்து உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றது. “இங்க பாரு கண்ணு, முள்ள எடுக்காம டியூப மட்டும் ஒட்டியிருக்காங்க” என்று குறடால் இழுத்தார். அரிசி அளவு வெள்வேல் நுனி. அதே டயரில் இன்னும் இரண்டு எடுத்தார். பிறகு பழைய டியூப் ஒன்றைக் கிழித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாகச் சுற்றி வைத்து, காற்றடித்துக் கொடுத்தார்.