செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது பைக்கின் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். கடையில் கேட்டால் "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்பார்கள். நானும் மாற்றினேன், பத்தே நாளில் புதியதும் படுத்துவிட்டது. பழைய பேட்டரியில் கோளாறே இல்லை, அதற்குச் சார்ஜ்தான் போகவில்லை. அந்தப் பணம் உங்களுக்கும் வீணாகக் கூடாது. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஸ்பேனரும் இருந்தால் போதும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். டிக் என்று கேட்டால் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். லைட், ஹாரன் எல்லாம் சரியாக இருந்து சத்தமே வராவிட்டால் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், கிளட்ச் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். எதுவுமே எரியவில்லை என்றால் பியூஸ். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். தயவுசெய்து செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயரிங்கே எரியும்.

அடுத்தது டெர்மினல். கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் பாதிக் கோளாறு அங்கேதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், அதற்காகத்தான் இந்த வரிசை. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு அந்தப் பூப்பு கரைந்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின். அப்படியே மைனஸ் வயர் சேஸிஸில் சேரும் எர்த் போல்ட்டையும் பார்த்துவிடுங்கள், பலர் விட்டுவிடுகிற இடம் அது.

இப்போது மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, சாவி ஆஃபில், பேட்டரி டெர்மினல்களில் அளந்து 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. காலியாக இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், 5 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். நிறைந்த பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது, அப்போது மாற்றலாம்.

என்னைக் காப்பாற்றியது அடுத்த சோதனைதான். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கியபடி பேட்டரியிலேயே அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். எனக்கு 12.3-இலேயே நின்றது. பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கப்ளரை, அதாவது வயர்கள் சேரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் கருகி, பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. கப்ளரை மாற்றியதும் 14.2 வந்துவிட்டது. கப்ளர் நன்றாக இருந்தும் வோல்ட் ஏறவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலோ ரெகுலேட்டரோ போயிருக்கும், அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 15-ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும், பேட்டரி கொதித்து வீணாகும். இன்னொன்று, சார்ஜிங் பார்க்கிறேன் என்று இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விடலாம், யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டை அணைக்க முடியாது. அதனால் தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே பேட்டரி இறங்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நின்ற இடத்திலேயே இறங்குகிறதா? எங்கோ கரண்ட் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். இந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கவே கூடாது. சில மில்லி ஆம்பியர் வரை பரவாயில்லை. 50 மில்லி ஆம்பியர் போனால் 5 ஏஹெச் பேட்டரி நாலு நாளில் காலி. வண்டி வாங்கிய பிறகு போட்ட ஃபாக் லைட், மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அதன் வயரை சாவி ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு மாற்றிவிடுங்கள்.