எடைக்குறைப்புப் போட்டி முடிந்தபின் எடையைக் காப்பது எப்படி

இறுதிச் சுற்றில் எடை மெஷின் காட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள். குறைந்த எடையில், உடல் இழந்த தண்ணீரும் கிளைக்கோஜனும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்ந்திருக்கும். வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் சில நாளிலேயே இரண்டு மூன்று கிலோ ஏறலாம். அது கொழுப்பல்ல, பயந்து பட்டினி கிடக்க வேண்டாம்.

உண்மையான சிக்கல் வேறு. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. அவர்கள் உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. அதனால் இணையக் கலோரி கால்குலேட்டர் சொல்லும் கலோரி அளவில் சாப்பிட்டால் எடை கூடும். சாப்பிடுவதை எல்லாம் இரண்டு மூன்று வாரம் கிராமில் எடைபோட்டு எழுதுங்கள். தினமும் காலைக்கடன் முடிந்ததும், தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். சராசரி அசையாமல் நிற்கும் கலோரிதான் உங்கள் அளவு.

அதே போட்டியாளர்களைப் பற்றிய 2017 ஆய்வின் கணிப்பு: எடை திரும்பாமலிருக்க நாளுக்கு மிதமான உழைப்பு 80 நிமிடம், அல்லது கடுமையானது 35 நிமிடம் கூடுதலாகத் தேவை. போட்டியின்போது செய்த பல மணி நேரப் பயிற்சியை வீட்டில் தொடராதீர்கள், மூட்டு தாங்காது. வேக நடையோடு வாரம் இருமுறை எடை தூக்குங்கள், தசை கரையாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அளவை மாற்ற வேண்டுமா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள்.