கேமரன் ஹைலண்ட்ஸ் கேபினுக்குப் போறீங்களா, இதெல்லாம் எடுத்து வைங்க

சிங்கப்பூர் வெயில்லயே இருந்து பழகிட்டோமா, அதனால டிஷர்ட்டும் ஷார்ட்ஸும் மட்டும் போட்டுக்கிட்டு கிளம்பிடுறோம், மலேசியாவுல மலை மேல இருக்குற கேமரனுக்கு அது சரிப்படாதுங்க. சுமார் 1,500 மீட்டர் உயரம், ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கிடும், கேபின்ல ஹீட்டர் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

ஜீன்ஸ் வேணவே வேணாம், நனைஞ்சா அந்த ஈரக் காத்துல லேசுல காயாது. டிரை ஃபிட் டிஷர்ட், மேல ஃப்ளீஸ்ங்கிற மெத்துன்னு கதகதப்பான மேல்சட்டை, அதுக்கும் மேல மழை தாங்குற லேசான ஜாக்கெட்னு மூணு அடுக்கா போட்டா நடக்குறப்ப கழட்டிக்கலாம், நின்னா மாட்டிக்கலாம்.

காட்டுப் பாதையில சேறு வழுக்கும், நல்ல கிரிப் உள்ள ஷூ கட்டாயம், ஆனா புது ஷூவை நேரா அங்க போய் போடாதீங்க, முன்னாடியே சிங்கப்பூர்லயே மெக்ரிச்சி காட்டுப் பாதை பக்கம் நடந்து பழக்கிடுங்க. ரத்தம் உறிஞ்சுற அட்டைப்பூச்சி இருக்கும், பேண்டை நீள சாக்ஸுக்குள்ள செருகிக்கோங்க. கடிச்சிடுச்சுன்னா பிச்சு இழுக்காம அதோட வாய்ப் பக்கமா நகத்தை விட்டு மெதுவா தள்ளி எடுங்க, கழுவிட்டு பிளாஸ்டர் போடுங்க.

டார்ச், கொசு மருந்து, கூடுதல் சாக்ஸ், பவர் பேங்க். மாத்துத் துணியை ஜிப்லாக் பையில போட்டுடுங்க, பிள்ளைங்களுக்கு இன்னொரு செட் சேர்த்தே வைங்க. பாஸ்போர்ட்ல 6 மாசம் வேலிடிட்டி இருக்கான்னும் இப்பவே பாத்துடுங்க.