'டிரான்ஸ்மிஷன்': லத்தீன் வேரைப் பிரித்து மொழிபெயர்ப்பது எப்படி?

ஆங்கிலத்தின் நீளமான அலுவலகச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீனிலிருந்து, பல பிரெஞ்சு வழியாக வந்தவை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இவற்றைப் பிரிப்பது புதிய வேலை இல்லை. 'டிரான்ஸ்மிஷன்' என்பதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: விகுதியை நறுக்குங்கள். காதால் கேட்டு வெட்டினால் 'ஷன்' போய் 'மி' மட்டும் மிஞ்சும். எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: அங்கே உள்ள இரண்டு 'எஸ்'ஸும் வேருக்குச் சொந்தம். விகுதி 'ஐ, ஓ, என்' மட்டுமே.

படி 2: முன்னொட்டு 'டிரான்ஸ்'. கடந்து, அந்தப் பக்கம் என்று பொருள்.

படி 3: மிஞ்சியது 'மிஸ்'. இதன் வினை 'மித்தெரே', அனுப்பு. லத்தீன் அகராதி ஒரு வினைக்கு நான்கு வடிவம் தரும்: மித்தோ, மித்தெரே, மீஸி, மிஸ்ஸும். வினைக்கு 'மிட்', பெயருக்கு 'மிஸ்' என ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டது. பர்மிட், பர்மிஷன், அட்மிட், அட்மிஷன்.

படி 4: சறுக்குவது இங்கேதான். 'கடந்து அனுப்புதல்' வேர்ப்பொருள்; மொழிபெயர்ப்பு அல்ல. எது போகிறது என்று கேளுங்கள். வானொலி என்றால் ஒலிபரப்பு, தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பு, நோய் என்றால் பரவல். மின்சாரத்துக்குத் தொடரமைப்பு, தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் பெயரிலேயே இருக்கிறது. காரில்? கியர் பாக்ஸ், அவ்வளவுதான்.

'மானுஸ்கிரிப்ட்' வேர்ப்படியே 'கையெழுத்துப் பிரதி' ஆவது அதிர்ஷ்டம். அதே கையை (மானுஸ்) நம்பி 'மானுஃபாக்சர்' என்பதைக் 'கைவேலை' ஆக்கினால், இயந்திரம் ஓடும் ஆலைக்குப் பொருந்தாது. உற்பத்திதான் சரி.

படி 5: போலி வேர்களைச் சோதியுங்கள். ஆங்கில எழுத்தில் இரண்டும் 'ped' என்றே தொடங்கினாலும் வேர் வேறு: பாதசாரியைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' லத்தீன் பாதம். குழந்தை மருத்துவமான 'பீடியாட்ரிக்ஸ்' கிரேக்கக் குழந்தை. அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பு இதைப் பிரித்துக் காட்டும்.

'இன்' என்ற முன்னொட்டு இன்னும் ஆபத்து. மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதுபோல, 'ப' ஒலிக்கு முன் அது 'இம்' ஆகும். ஆனால் 'இம்பாசிபிள்' என்பதில் 'இல்லை', 'இம்போர்ட்' என்பதில் 'உள்ளே' என இரு பொருள் உண்டு. டேங்கர் லாரியில் 'இன்ஃபிளேமபிள்' என்றிருப்பதை 'எரியாதது' என்று பெயர்த்தால் உயிருக்கே ஆபத்து. அது 'இன்ஃப்ளம்மாரே', தீ மூட்டு என்பதிலிருந்து வந்தது: எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆங்கிலம் பேசுவோருக்கே குழப்பம் வந்ததால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் இப்போது 'இன்' போடாமல் 'ஃபிளேமபிள்' என்று எழுதுகிறார்கள்.