ஜாவாஸ்கிரிப்டில் தேதி ஒரு நாள் பின்னால் போகாமல் இருக்க

"1990-05-15" என்ற பிறந்த தேதியை அப்படியே டேட் ஆப்ஜெக்டிடம் கொடுத்தால், அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது அதே நாள் காலை 5:30 என்பதால் பிழை கண்ணில் படாது. நியூயார்க்கில் திறந்தால் மே 14, இரவு 8 மணி!

ஆகவே சிறுகோடு (-) வரும் இடங்களில் பிரித்து, ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகக் கொடுங்கள். மாதத்தில் 1 கழிக்க மறக்காதீர்கள்: ஜனவரி 0, மே 4.

நம் ஊரில் அடிவாங்குவது சேமிக்கும்போதுதான். தேதியை யுடிசி நேரப்படி எழுத்தாக மாற்றும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போட்டால் சென்னையின் மே 15 நள்ளிரவு, மே 14 மாலை 6:30 ஆகிவிடும். ஆண்டு, மாதம், நாளைத் தரும் கெட்ஃபுல்இயர் (getFullYear), கெட்மன்த் (getMonth), கெட்டேட் (getDate) மூன்றையும் எடுத்து, மாதத்துக்கு 1 கூட்டி, இரண்டு இலக்கமாக்கி நீங்களே கோர்த்துவிடுங்கள். டேட்டாபேஸிலும் நேரம் இல்லாத டேட் வகையிலேயே வையுங்கள்.

2025 ஜனவரி 31இல் செட்மன்த் (setMonth) மூலம் ஒரு மாதம் கூட்டினால், பிப்ரவரி 31 இல்லாததால் மார்ச் 3 வரும். மாதத்தின் கடைசி நாள் வேண்டுமா? அடுத்த மாதத்தின் 0ஆம் நாளைக் கேளுங்கள்.