சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்: மூடியை மட்டும் தொறக்காதீங்க

ரெண்டு நாளா விடாம மழை, தெருவுல கணுக்கால் அளவு தண்ணி, துணி எதுவும் காயல, வீடு பூரா ஒரு ஈர வாசனை. இந்த மாதிரி ஐப்பசி கார்த்திகை ராத்திரில சூடா ஒரு கிண்ணத்தைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காரணும்னு தோணும்ல, அதுக்குத்தான் இது. அமெரிக்காவுல, முக்கியமா தெற்குப் பக்கம், வீடுகள்ல ரொம்ப நாளா பண்ற சாப்பாடு. டம்ப்ளிங்னு சொன்னதும் மோமோ மாதிரி பூரணம் வச்சு மடிக்கிறதுன்னு பயந்துடாதீங்க, உள்ள ஒண்ணும் கிடையாது. கெட்டியான கோழிச் சாறுல மைதா மாவை ஸ்பூனால அள்ளிப் போட்டு மூடி வேகவைக்கிறது, அவ்ளோதான். அங்கயே இதுல ரெண்டு கட்சி உண்டு, மாவைத் தேய்ச்சு பட்டை பட்டையா வெட்டிப் போடறவங்க ஒண்ணு, அள்ளிப் போட்டு உப்ப விடறவங்க ஒண்ணு. நாம ரெண்டாவது கட்சி, மொதத் தடவ பண்றவங்களுக்கு இதுதான் ஈஸி.

நமக்கும் இது ரொம்ப தூரத்து சொந்தம் இல்ல. கேரளாவுல கிறிஸ்தவங்க வீட்டுல அரிசிமாவுல குட்டி உருண்டை புடிச்சு வேகவச்சு கோழிக்கறியோட சாப்பிடுவாங்க, பிடின்னு பேரு.

நான் மொத ரெண்டு தடவை சொதப்பினேன், அளவு எல்லாம் கரெக்டா இருந்தும். சப்பாத்திக்குப் பிசைஞ்சு பழகின கை, விசில் எண்ணிப் பழகின காது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ மூடியைத் தூக்கிப் பாக்கிற புத்தி, இது மூணும்தான் கெடுத்துச்சு. நம்ம சமையல்ல இதுக்கு உதவற பழக்கம் ஒண்ணே ஒண்ணு, இட்லி ஊத்தி வச்சுட்டு சும்மா இருக்கறது.

என்னென்ன வேணும் (4 பேருக்கு)

கோழி 750 கிராம், எலும்போட லெக் பீஸா கேட்டு வாங்குங்க, வெறும் நெஞ்சுக்கறி வேணாம், சக்கையாயிடும். பெரிய வெங்காயம் 1, கேரட் 2, பூண்டு 4 பல், செலரி தண்டு 2. செலரி பெரிய சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும், கிடைக்கலன்னா விட்டுடலாம், நான் பாதி நேரம் கொத்தமல்லித் தண்டுதான் பொடியா நறுக்கிப் போடறேன், ருசி வேறதான், ஆனா நல்லாருக்கு. வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், மைதா 5 டேபிள்ஸ்பூன், மிளகு, உப்பு.

அங்க இதுக்கு தைம்னு ஒரு இலை போடுவாங்க. அதைத் தேடி அலைய வேணாம், பால்கனி தொட்டியில கற்பூரவல்லி இருந்தா 2 இலை போதும், ரெண்டு வாசனையும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். பிரிஞ்சி இலை போடறதுன்னா பாதி மட்டும், அவங்க போடற பே லீஃப் வேற மரத்து இலை, நம்மளுது பட்டை வாசனை அடிக்கும், முழுசா போட்டா குஸ்கா நெனப்பு வந்துடும்.

டம்ப்ளிங்குக்கு: மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உருக்கின வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பால் முக்கால் கப். உப்பு போட்ட வெண்ணெய்னா உப்பைக் கால் டீஸ்பூனா கொறைச்சுக்கோங்க.

பேக்கிங் பவுடர்னா பேக்கிங் பவுடர்தான், ஆப்ப சோடா இல்ல! ரெண்டும் வெள்ளைப் பொடிதானேன்னு நான் சோடாவை அதே 2 டீஸ்பூன் போட்டு, ஒரு பாத்திரம் பூரா சோப்புத் தண்ணி ருசியில ஆக்கி, கடைசில எல்லாரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். சோடா வேலை செய்ய ஒரு புளிப்பு வேணும், பவுடர்ல அந்தப் புளிப்பையும் சேத்தே கலந்திருப்பாங்க. டப்பா ரொம்ப நாளா கிடக்குதுன்னா அரை ஸ்பூன் எடுத்து கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாருங்க, நொறைச்சு பொங்கினா உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

மொதல்ல சாறு

அகலமான, அடி கனமான பாத்திரம் எடுங்க, மூடி கச்சிதமா உக்காரணும். கண்ணாடி மூடின்னா இன்னும் நல்லது, ஏன்னு அப்புறம் தெரியும். கோழி, 1 டீஸ்பூன் உப்பு, தட்டின மிளகு, இலை எல்லாம் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணி ஊத்தி அடுப்புல வைங்க. கொதி வந்ததும் மேல வர்ற நொறையை அள்ளிட்டு சிம்ல வச்சுடுங்க, தளதளன்னு கொதிக்கக்கூடாது, ஓரத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா போதும். 40 நிமிஷம் ஆகும். குக்கர்ல மூணு விசில் விட்டா வேலை சட்டுனு முடியும்தான், நான் வேணாம்பேன், சாறு கலங்கிப்போய் கறி நார் நாராயிடும்.

வெந்ததும் கோழியை எடுத்து ஆறவச்சு, எலும்பை நீக்கிட்டு பெரிய பெரிய துண்டா பிச்சு வைங்க. சாறை வடிகட்டித் தனியா வைங்க, 5 கப்புக்குக் கொறைஞ்சா வெந்நீர் சேத்து சரிக்கட்டிக்கலாம்.

அதே பாத்திரத்துல வெண்ணெய் போட்டு வெங்காயம், கேரட், செலரி, பூண்டு வதக்குங்க, வெங்காயம் கண்ணாடியா ஆனா போதும், செவக்க வேணாம். மைதாவைத் தூவி பச்சை வாசனை போக 2 நிமிஷம் கிளறிட்டு, சாறைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கிக்கிட்டே இருங்க, மொத்தமா கொட்டினா கட்டி தட்டும். ஒரு கொதி வந்ததும் கோழியைப் போடுங்க. இப்போ பாயாசத்தைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கணும், ஏன்னா டம்ப்ளிங் வேகும்போது இதைக் குடிச்சுக்கும். உப்பு பாருங்க. இந்த எடத்துல கை தன்னால கரம் மசாலா டப்பாவுக்குப் போகும், போக விடாதீங்க, இதுல மிளகுதான் காரம்.

மாவு, பிசையாம

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூணையும் கலந்து, வெண்ணெயும் பாலும் ஊத்தி, முள்கரண்டியால ஒரு பத்து பதினைஞ்சு சுத்து. மாவு நனைஞ்சுச்சா, நிறுத்திடுங்க. அங்கங்க கட்டியா, பிசுபிசுன்னு, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். பிசைஞ்சா மைதாவுல பசை ஏறி ரப்பர் பந்தாயிடும். இன்னொண்ணு, சாறு கொதிச்சு ரெடியானதுக்கு அப்புறம்தான் பாலை ஊத்தணும், ஈரம் பட்ட ஒடனே பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பிச்சுடும், மாவைக் கலந்து வச்சுட்டு வெங்காயம் நறுக்கப் போனீங்கன்னா அங்கயே காத்து எறங்கிடும்.

போட்டு மூடறது

சாறு லேசா கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது ஸ்பூனை அதுலயே முக்கி எடுத்து (மாவு ஒட்டாது), எலுமிச்சம்பழம் அளவுக்கு மாவை அள்ளி மேலாப்ல விடுங்க. 10, 12 வரும். நெருக்கிப் போடாதீங்க, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ரெண்டு மடங்கா ஊதும். கிண்ட வேணாம், அமுக்கவும் வேணாம். மூடி, சிம்ல 15 நிமிஷம்.

அந்த 15 நிமிஷம்தான் மொத்த சமையலே. அடிப்பக்கம் சாறுல வேகுது, மேல்பக்கம் வெறும் ஆவியில வேகுது, இட்லிப் பானை கணக்குத்தான். நடுவுல தொறந்தா ஆவி போயிடும், உப்பினது அமுங்கி நடுவுல பச்சை மாவா நின்னுடும். கண்ணாடி மூடி சொன்னது இதுக்குத்தான், தொறக்காமலே எட்டிப் பாத்துக்கலாம். அது இல்லன்னா போன்ல அலாரம் வச்சுட்டு ஹாலுக்குப் போயிடுங்க. அடி புடிக்குமோன்னு பயமா இருந்தா பாத்திரத்துக்கு அடியில ஒரு பழைய தோசைக்கல்லை வச்சுக்கோங்க.

நேரம் ஆனதும் ஒண்ணை ரெண்டா வெட்டிப் பாருங்க, உள்ள ப்ரெட் மாதிரி பஞ்சு பஞ்சா இருக்கணும், ஈரமா பளபளத்தா மூடி இன்னும் 3 நிமிஷம். மேல கொத்தமல்லியும் மிளகுத்தூளும் தூவி ஒடனே பரிமாறுங்க. எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "என்னடி இது, கோழி சூப்புல இட்லி மெதக்குது"ன்னாங்க, ரெண்டாவது கிண்ணம் கேக்கும்போதும் அதையேதான் சொன்னாங்க, கூட எலுமிச்சங்கா ஊறுகாய் வேணுமாம்.

மீந்தா ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துல ராத்திரி பூரா வெளிய விடாதீங்க. காலையில பாத்தா டம்ப்ளிங் சாறை எல்லாம் குடிச்சு களி மாதிரி நிக்கும். அரை டம்ளர் வெந்நீர் ஊத்தி, மூடி, சிம்ல நல்லா கொதிக்கிற வரைக்கும் சூடு பண்ணுங்க, இப்பவும் கிண்டாதீங்க, ஒடைஞ்சுடும்.